தண்ணீர் தெளியுமட்டும்

இரண்டு வத்தகைப்பழங்களை ஒரே துணியில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அக்கா பலெர்மோவின் கபோ சந்தையை ஊடறுத்து வருவார். முன்னால் ஒன்று, முதுகில் ஒன்று, நடுவில் தோளின்மேல் ஒரு முடிச்சு. பழம் பழத்தோடு இடிபடாது. கைகள் இரண்டும் சும்மா வீசிக்கொண்டு வரும். மீன்காரன் கூவுவதை நிறுத்திவிட்டுப் பார்ப்பான். பழத்தை விற்றவன் கடையை விட்டிறங்கி வந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்ததும் உண்டு. சிசிலிய மொழியில் எதையோ சொல்லி இருவரும் சிரிப்பார்கள். அக்கா திரும்பமாட்டார்.

“சிரிக்கட்டும். அவன்ரை பிளாஸ்டிக் பை அறுந்து பழம் உருண்டோடேக்கை நான் சிரிப்பன்.”

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மன்னாரில் ஏதோ ஒரு கோயிலின் ஞானஸ்நானப் புத்தகத்தில் அது இப்போதும் இருக்கும். அதை இங்கே எழுதும் உரிமையை ஒரு புதன்கிழமை நான் இழந்துவிட்டேன். பலெர்மோவில் வீட்டுவேலை செய்த எங்கள் எல்லாருக்கும் அவர் யப்பான் அக்கா. அது போதும்.

அவர் வேலை செய்த கட்டடத்தின் நான்காம் மாடியில், சிசிலிய டாக்டர் ஒருவரைக் கலியாணம் கட்டி வந்த யப்பான்காரி ஒருவர் இருந்தார். கிழமையில் இரண்டு நாள் அக்கா அங்கேயும் துடைக்கப் போவார். இருவருக்கும் பொதுவாக இருந்தது உடைந்த இத்தாலியன் மட்டும். அதில் நேற்றும் இல்லை, நாளையும் இல்லை. நான் கழுவ, நீ காயவைக்க, மழை வர. இப்படியே இரண்டு வருடம் கதைத்துச் சிநேகிதமாகிவிட்டார்கள். டாக்டரோடு சரிவராமல் அந்தப் பெண் தன் நாட்டுக்குத் திரும்பியபோது, கணவன் வீட்டில் விட்டுப்போக மனமில்லாத துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

பட்டு இல்லை. பூவேலை இல்லை. அலுமாரியில் வைத்து ஆட்களுக்குக் காட்டுகிற சாமான் ஒன்றுகூட இல்லை. சதுரமான கட்டுத்துணிகள். மெல்லிய பருத்தியில் நீட்டு நீட்டான துவாய்கள். சாயம் போடாத வெள்ளைத் துணி ஒரு சுருள். தடித்த நீல ஏப்ரன் ஒன்று. எல்லாம் வேலைக்கென்று பிறந்த துணிகள். துவாய்களின் இரண்டு முனையும் மடித்துத் தைக்கப்படாமல், வெட்டியது வெட்டியபடி இருக்கும். யப்பான்காரரும் வேலையை அரைகுறையாய் விடுகிறார்களே என்று ஒருநாள் நக்கலாகச் சொன்னேன்.

“விளிம்பு மடிச்சுத் தைச்சால் அந்த மடிப்புக்குள்ளைதான் ஊத்தை போய் இருக்கும் தம்பி. ஈரமும் அதுக்குள்ளைதான். இதிலை ஒளிக்க இடமில்லை. அதாலை கெதியாக் காயுது.”

நாலைந்து தோய்ச்சலுக்கு ஓரத்தில் நூல் பிரியும். அதைக் கத்தரித்துவிட்டால் பிறகு தன்பாட்டில் நின்றுவிடும் என்பார்.

வெள்ளைத் துணியில் பிட்டுக்கு மா கட்டி அவிப்பார். சதுரத் துணியில் சட்டியைக் கட்டி ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் மண்டபத்துக்குக் கொண்டுவருவார். முடிச்சுத்தான் கைபிடி, அவிழ்த்து விரித்தால் அதுவே மேசைவிரிப்பு. சாம்பல் நிறத் துணி ஒன்றுக்குள் கடவுச்சீட்டு, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி, மகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் மடிந்து கிடக்கும். வெயிலுக்குத் தலையில் ஒன்று, மழைக்கும் அதுவே. கோப்பை துடைக்கிற துணி கோப்பைக்கு மட்டும். முகத்துக்கு வேறு, தரைக்கு வேறு. மூன்றையும் ஒரே வாளியில் போட்டுக் கண்டால் மண்டபத்துக் குசினியிலேயே, யாருடைய மனைவி என்றும் பாராமல், பேசிவிடுவார். ஒன்றின் அழுக்கை இன்னொன்று சுமக்கக் கூடாது என்பது அவருடைய ஒரே சட்டம்.

எங்கள் அறையில் ஊர்காவற்துறை அண்ணர் ஒருவர் இருந்தார். அக்காவைக் கண்டால் வாய் சும்மா இராது. யப்பான் என்றால் தன்னுடைய காலத்தில் நைலெக்ஸ் சாறியும் மோட்டார்சைக்கிளும், இந்த மனுசிக்குக் கிடைத்ததோ சமையலறைத் துணி என்று சொல்லிச் சிரித்தார்.

“சாறியைக் கட்டிக்கொண்டு சின்யோராவின்ரை கக்கூஸ் கழுவேலுமே அண்ணை?” என்றார் அக்கா.



நான் அப்போது இருபத்தெட்டு. பேப்பர் இல்லை. இருந்த கவிதைகளையும் பேப்பர் என்று குவெஸ்தூரா, அனுமதி கொடுக்கிற பொலிஸ் கந்தோர், ஏற்றுக்கொள்ளாது. ஞாயிறுகளில், பலெர்மோவைக் காக்கும் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு நடந்து ஏறுவோம், கத்தோலிக்கரும் சைவருமாய். குகைக்குள் சிலையாய்ப் படுத்திருக்கிற அந்தப் பெண்ணிடம் நான் கேட்டதெல்லாம் ஒரு முத்திரைதான், பெர்மெஸ்ஸோவில் குத்துகிற முத்திரை. ஒருமுறை புதுச் சப்பாத்து குதிக்காலைத் தின்றுவிட்டது. பாதி மலையில் காலுறை சிவந்து ஒட்டிக்கொள்ள, ஓரத்துக் கல்லில் குந்திவிட்டேன். அக்கா தலையில் கட்டியிருந்த துவாயை உருவி, விளிம்பைப் பல்லால் கடித்து இழுத்தார். அளவுகோல் வைத்ததுபோல் நேராகக் கிழிந்தது. குந்தியிருந்து, என்னுடைய ஊத்தைக் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக் கட்டினார். நான் கூசிப்போனேன். பெட்டிச் சாமானைக் கிழித்துப்போட்டீர்களே என்றேன்.

“கிழியட்டும் எண்டுதான் தைக்காமல் விட்டிருக்கினம்,” என்றார்.

அடுத்த ஞாயிறு முழுத் துவாய் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைத்தார். பெட்டியில் புதிதாகவே கிடந்தது. அடர்நீலம், அதில் வெள்ளைப் பொட்டுகள், அந்திக் கடலில் மழை விழுவதுபோல். அவுரிச் சாயம் என்றார். கொடுக்கும்போதே புத்திமதியும் வந்தது: வேறு எதனோடும் சேர்த்துத் தோய்க்கக் கூடாது. பச்சைத் தண்ணீரில், கையால், தண்ணீர் தெளியுமட்டும் தனிய. யப்பான்காரி தனக்குச் சொன்னதை அதே குரலில் எனக்கும் சொல்லிக் காட்டினார். “லவாரே சோலா, லவாரே சோலா.” தனியக் கழுவு, தனியக் கழுவு. இரண்டு கையையும் விரித்து, தலையை ஒருபக்கம் சரித்து, அந்த யப்பான்காரியாகவே ஆகிவிட்டார்.

தனியக் கழுவ எங்களுக்கு எங்கே இடம்? பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் ஒரே அறையில் ஏழு பேர், ஒரு குழாய். ஆகவே ஒரு வழக்கம் இருந்தது. யாரும் வெளியில் சொல்லாத, எல்லாரும் செய்த வழக்கம். வேலைக்குப் போகும் வீட்டில் சின்யோராவின் உடுப்போடு எங்களுடையதும் ஒன்றிரண்டு மெஷினுக்குள் போய்விடும். பெனியன், காற்சட்டை, தலையணை உறை. அவர்களின் சவர்க்கார வாசத்தோடுதான் நாங்கள் ஊரைக் கனவு கண்டோம்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவருக்கு வருத்தமோ குவெஸ்தூராவில் வரிசையோ வந்தால், இன்னொருவர் அந்த வீட்டைப் பார்த்துக்கொள்வார். சில சின்யோராமாருக்குத் தெரியும். சிலருக்குத் தெரியாது. தெரியாதவர்களின் வீட்டில் போனது போலவே வரவேண்டும், ஒரு கரண்டிகூட இடம் மாறாமல்.

அக்காவுக்கு ஒரே மகள். கடலுக்குப் போன கணவர் திரும்பவில்லை. அதன் பிறகு பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வந்தவர். மகள் அப்போது மடு மாதா கோயில் வளவில், அகதிகளோடு அகதியாய். ஆனி மாதத்தில் அவளுக்குப் பதினெட்டு முடியும். அதற்கு முன் கேட்டால் தாயின் பேப்பரில் பிள்ளையாக வரலாம். அதற்குப் பிறகு அவள் பிள்ளை இல்லை, யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண். குவெஸ்தூரா கேட்டது ஒரு கடிதம். வேலை நிரந்தரம், மகள் தங்கப் பின்னறை உண்டு என்று வேலைகொடுத்தவர் கையெழுத்திட்ட கடிதம். அக்காவின் சின்யோரா எண்பது தாண்டிய விதவை. தருகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அக்கா அந்தப் பின்னறைக்குச் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின புதன். அக்கா மகளின் விண்ணப்பத்துக்காக விடியவே குவெஸ்தூரா வரிசைக்குப் போகவேண்டும். சின்யோரா புதன்களில் மொந்தெல்லோவில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போய்ப் பொழுதுசாயத்தான் வருவார். நான் வேலை செய்த வீடும் அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. நடுவில் இரண்டு மணித்தியாலம் எனக்கு ஓய்வு. திறப்பை என்னிடம் தந்து அக்கா சொன்னது ஒரே ஒரு வேலை. மெஷினுக்குள் எல்லாம் போட்டு வைத்திருக்கிறேன், நீ பொத்தானை மட்டும் அமத்து, முடிந்ததும் மொட்டைமாடிக் கொடியில் விரித்துவிடு.

உள்ளே இருந்தவை சின்யோராவின் தாயார் மகளின் கலியாணத்துக்கென்று தைத்துக் கொடுத்த லினன் விரிப்புகள். வருடத்துக்கு ஒருமுறை எடுத்து, தோய்த்து, வெயில் காட்டி, லாவெண்டர் வைத்து மடித்துவிடுவார்கள். அவற்றில் ஒன்றின்மேல்தான் தன்னைக் கடைசியாகக் கிடத்தவேண்டும் என்று கிழவி சொல்லிவைத்திருந்தார். எனக்கு அது தெரியும். அக்கா சொல்லியிருந்தார்.

என் பையில் அந்த நீலத் துவாய் இருந்தது, வியர்வை நாற்றத்தோடு. மெஷின் கதவைத் திறந்தேன். ஒரு துவாய்தானே. உள்ளே எறிந்து, சாத்தி, பொத்தானை அமத்தினேன்.

கால்மணி நேரத்தில் அந்தக் கண்ணாடி வட்டத்துக்குள் ஒரு கடல் எழுந்தது. முதலில் வெளிறிய நீலம், வடிவாகத்தான் இருந்தது. பிறகு மை. நிறுத்தினேன்; கதவு திறக்கவில்லை. இழுத்தேன், திறக்கவில்லை. நுரையும் நீலமுமாய் வெள்ளை விரிப்புகள் புரண்டு புரண்டு வந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிவிட்டுப் போயின. சூடான தண்ணீர் சாயத்தைக் கறந்தெடுக்கும் என்பதை நான் அந்த வீட்டுக் குளியலறையில், முழங்காலில் நின்றபடி படித்தேன்.

முடிந்ததும் செய்த முதல் காரியம் துவாயை எடுத்துப் பிழிந்து பைக்குள் ஒளித்தது. இரண்டாவது, விரிப்புகளை மொட்டைமாடியில் விரித்தது, சொன்னபடியே, ஓரங்கள் நேராக. காய்ந்தால் வெளுக்கும் என்று நம்பினேன். மாசி வெயிலில் நாலு விரிப்பும் வானத்தின் நிறத்தில் அசைந்தன. வானத்துக்கும் துணிக்கும் நடுவே கோடு தெரியவில்லை. இதைக் கவிதையாய் அன்றைக்கே நினைத்தேன் என்பதும் உண்மை. அதை நினைத்த தலையை இப்போதும் கழுத்தில் சுமக்கிறேன்.

மறுநாள் காலை என் சின்யோராவின் குசினியில் கூனைப்பூவின் முள்ளிதழ்களைக் கழித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நாற்காலியில் அமர்ந்து, கீழே உன்னுடைய யப்பான் அக்கா எஜமானியின் சாவுத் துணியை மாதாவின் மேலங்கிபோல நீலமாக்கிவிட்டாராம், கிழவி இரவெல்லாம் அழுததாம் என்றார். கட்டடத்தில் நீலத் துணி யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும். யாரும் யாரையும் விசாரிக்கவில்லை. நான் இதழ்களைக் கழித்துக்கொண்டே இருந்தேன். கூனைப்பூ எலுமிச்சம்பழ அளவுக்குச் சிறுத்துவிட்டது.

அந்த மாதங்களில்தான் பேப்பர் இல்லாதவர்களை, வேலைகொடுத்தவர் கையெழுத்து வைத்தால் பதிந்துகொள்ளலாம் என்று அரசாங்கம் ஒரு வாசலைத் திறந்திருந்தது. என் கடிதத்தை வெள்ளிக்கிழமை தருவதாக இதே சின்யோரா சொல்லியிருந்தார். அன்று வியாழன்.

இடைவேளையில் மொட்டைமாடிக்குப் போனேன். அக்கா பெரிய தொட்டிக்குள் விரிப்புகளைப் போட்டு எலுமிச்சையும் உப்புமாய்த் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கைவரை சிவந்திருந்தது. நான் வாய் திறந்தேன். என்ன கேட்டேன் என்பதை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

“என்னெண்டு அக்கா இப்பிடி ஆனது?”

அவர் ஒரு விரிப்பைப் பிழிந்து, உதறி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

“என்ரை ஏப்ரன் உள்ளுக்கை போயிருக்கும்போலை.”

ஏப்ரன் மாடிக் கதவின் பின்னால் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது, காய்ந்து, விறைத்து, எண்ணெய்க் கறையோடு. நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார்.

“உன்ரை கடிதம் எப்ப?”

“நாளைக்கு.”

“சரி. போ. உன்ரை சின்யோரா தேடப்போறா.”

போனேன். அதைத்தான் செய்தேன், படியிறங்கிப் போனேன்.

விரிப்புகள் ஒரு கிழமையில் சாம்பல்நீலத்துக்கு வந்தன. அதற்குமேல் இறங்கவில்லை. கிழவி அக்காவை நிற்பாட்டவில்லை; திட்டவுமில்லை. கடிதத்தைக் கேட்டபோது மட்டும் “தோப்போ” என்றார், பிறகு பார்க்கலாம் என்று. உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு கேட்டபோதும் தோப்போ. வைகாசியில் கேட்டபோது முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாராம். உண்மை வெளிவந்தாலும், வீட்டுக்குள் அன்னியரை விட்டது நானில்லை என்று அக்கா சொல்லமுடியாது. திறப்பைத் தந்தது அவர்தான். நான் உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு அதே கதிதான் என்று எனக்கு நானே ஒரு நியாயம் தைத்து வைத்தேன். விளிம்பு மடித்து, இரட்டைத் தையல் போட்டு.

ஆனியில் ஒருநாள் எங்கள் அறைக்கு அக்கா வந்தார். சதுரத் துணியில் கட்டிய தட்டு. அவிழ்த்தால் கேக். மகளுக்குப் பிறந்தநாளாம். ஊர்காவற்துறை அண்ணர் வாயில் கேக்கோடு, பிள்ளைக்கு எத்தனை வயது என்று கேட்டார்.

“பதினெட்டு,” என்றார் அக்கா. எனக்கு இன்னொரு துண்டு வெட்டி வைத்தார்.

என் பெர்மெஸ்ஸோ அதற்கு முதல் மாதமே வந்திருந்தது.

மகள் பிறகு வள்ளத்தில் இராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் பதிந்து, அங்கேயே கலியாணமும் முடித்தாள். அக்கா படத்தைக் காட்டினார், சாம்பல் துணிக்குள்ளிருந்து எடுத்து. பிள்ளை தாயைப்போல. நெற்றிப்பொட்டில் ஒரு மரு. அக்கா என்னோடு முகம் கோணவேயில்லை. சண்டை போட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். ஒரு கேள்வி மட்டும், கண்ட கண்ட இடத்தில், ரொட்டிக் கடை வாசலில், பூசை முடிந்த படிக்கட்டில், சர்வசாதாரணமாய்க் கேட்பார்: துவாய் இப்பவும் நீலம் விடுதோ தம்பி? துணியைப்பற்றித்தான் கேட்டார் என்று சத்தியம் செய்யலாம். அவர் துணிகளைப்பற்றி எல்லாரிடமும் கேட்கிறவர்தான்.

அடுத்த வருடம் கிழவி செத்துப்போனார். மகன் கடையிலிருந்து புது விரிப்பு வாங்கி வந்தான். உடம்பைக் கழுவி, உடுத்தி, அந்தக் கடைத் துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டு அதில் கிடத்தியது அக்கா. வீடு பூட்டப்பட்டது. பொலோஞ்ஞாவில் ஒரு முதியவரைப் பார்க்க ஆள் தேடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, புறப்பட்டார்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் நான் மட்டும்தான் வழியனுப்பப் போனேன். நானாகக் கேட்டுப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு. வாசகங்கள்கூடத் தயார், எழுதுகிறவனின் புத்தி, மூன்று விதமாய்த் திருத்தி வைத்திருந்தேன். ஐந்து பொட்டலங்கள், ஐந்தும் துணியில். தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தால், ரயில் நாற்பது நிமிடம் தாமதம் என்று அறிவித்தார்கள். நாற்பது நிமிடம். அக்கா வாங்கில் இருந்தார். பக்கத்தில் நான். மெஸ்ஸினாவில் ரயிலோடு கப்பலில் ஏற்றுவார்களாமே என்று கேட்டார். ஓம் என்றேன். வடக்கில் குளிர் அதிகம் என்றேன். மகளுக்குப் பிள்ளை பிறந்தால் பேர் என்ன வைக்கலாம் என்று கதைத்தோம். நான் நாலு பேர் சொன்னேன், நல்ல பேர்கள். நாற்பது நிமிடமும் போய்விட்டது.

பொட்டலங்களை ஏற்றிவிட்டு இறங்கினேன். அக்கா ஜன்னலை இறக்கி, கையை வெளியில் வைத்தார். அந்த விரல்களில் எலுமிச்சையின் வெடிப்புகள் எப்போதோ ஆறியிருந்தன.

“தம்பி, அந்த நீலத் துவாய் இருக்கோ?”

“இருக்கு அக்கா.”

“தனியத்தானே தோய்க்கிறனி?”

வண்டி இன்னும் அசையவில்லை. மேடையில் ஆட்கள் குறைவு. இதைவிட அகலமான வாசலை ஒரு மனுசி இன்னொருவருக்குத் திறந்துவிட முடியாது.

“ஓம் அக்கா. முதல் நாளிலையிருந்து தனியத்தான்.”

முதல் நாளிலிருந்து என்று அவர் கேட்கவில்லை. அதை நான்தான் சேர்த்தேன்.

என்னைப் பார்த்தார். அதிக நேரம் இல்லை. மலையில் என் குதிக்காலைப் பார்த்த அதே பார்வை. பிறகு, “நல்லது,” என்று சொல்லிவிட்டு ஜன்னலை ஏற்றினார்.

பொலோஞ்ஞாவிலிருந்து ஒரு நத்தார் அட்டை வந்தது. பதில் எழுதத் தொடங்கி முடிக்கவில்லை. அதன்பிறகு விலாசம் மாறிவிட்டது என்றார்கள்.

இப்போது எனக்குப் பலெர்மோவிலேயே, ஒரேத்தோத் தெருவில் இரண்டறை வீடு. எங்களுடைய மெஷின், எங்களுடைய குழாய். துவாய் வெளிறி, பொட்டுகளுக்கும் நீலத்துக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போய்விட்டது. ஓரத்து நூல் எப்போதோ நின்றுவிட்டது. ஒரு பழந்துணிக்கு ஏன் இவ்வளவு பாடு, மெஷினுக்குள் போடுங்கோ என்று மனைவி சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். மாதத்தில் ஒருநாள் பல்கனியில் வாளி வைத்துக் கையால் தோய்க்கிறேன், தனியாக. தண்ணீரை வெளிச்சத்தில் பார்ப்பேன். வாளியின் அடி தெரியும். கீறல்கள்கூடத் தெரியும்.

ஊற்றிவிட்டு, இன்னொரு தண்ணீர் பிடிப்பேன்.